குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மிளகு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நான் படுத்தபடி நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் சர்க்கரையை நிறுத்திவிட்டாரா, டப்பாவை மட்டும் இடம் மாற்றி வைத்திருக்கிறாரா?

சுற்றி வளைக்கவில்லை. மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். நான்காம் மாதம். இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் போல இருந்தது. டாக்டரம்மா இந்த முறை ஆரம்பத்திலேயே கட்டிலில் போட்டுவிட்டார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் இறங்கலாம். கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள். போன் மாடி வீட்டில்தான் இருக்கிறது, படியேறக் கூடாது. ஆகவே கடிதம்.

என் நாத்தனார் வந்துவிட்டார். வந்ததும் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இப்படித் தலைகீழா தொங்க விட்டிருக்காங்களே, பொறக்கிறது வௌவாலா இருந்தா என் தம்பியைக் குத்தம் சொல்லாதே" என்றார். சிரித்தேன். சிரித்திருக்கலாமா என்று பிறகு பயந்தேன். இப்போது எதற்கும் பயம். தும்மினால் பயம். குளியலறையில் விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகுதான் துணியைப் பார்க்கிறேன்.

நீ லீவு போட்டு அலைய வேண்டாம் அக்கா. விதைப்புக்கு முந்தைய மாதங்கள். உங்கள் விதைப் பரிசோதனைக்கூடத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. முன் இரண்டு தடவையும் ஆறாம் மாதத்தில் ஓடி வந்து நீ பட்டதே போதும். பார்த்துக்கொள்ள நாத்தனார் அண்ணி இருக்கிறார். அது போதும்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். வெளியே ஒரு சுவர், ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, வடிகால் ஓரம் தானாக முளைத்த அகன்ற இலைச் செடி ஒன்று. பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். நேற்று, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குருவி ஒன்று, பச்சை முதுகும் தூக்கிய வாலுமாக வந்து, இலையின் விளிம்பை அலகால் குத்திக் குத்திப் பஞ்சை இழுத்துத் தைத்தது. ஒரு ஓரத்தை இன்னொரு ஓரத்தோடு சேர்த்துக் குழல் மாதிரி ஆக்கிவிட்டது. வெயில் சுவரிலிருந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் என்னை மறந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் பேக்கரியிலிருந்து வரும் நேரம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் மிளகு


மார்ச் 15

அன்பு மிளகுக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்கால் பழையபடி. அத்தான் டப்பாவைத்தான் இடம் மாற்றியிருக்கிறார். எங்கே என்பதும் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சூப்பிரண்டு, "என்னம்மா, போகலையா?" என்றார். "தேவைப்படலை சார்" என்றேன். நீ சொன்னது சரிதான், இங்கே வேலை அதிகம்.

டாக்டரம்மா சொல்வதை மட்டும் கேள். சிரிக்கலாம், தும்மலாம். சிரித்துக் கரு கலைந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

நீ பார்த்தது தையல்சிட்டு. இயற்கையைப் பார்த்தால் மனம் குணமாகும் என்று வார இதழ்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குருவிக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் குருவியைப் பார்ப்பது மேல். பார்ப்பதை எனக்கு எழுது. அழகாக எழுத வேண்டாம், பார்த்தபடி எழுது.

இங்கே புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி மூடிவைத்தால், குறித்த நாள் வரும்வரை திறக்கக் கூடாது. அவள் போகும்போதும் வரும்போதும் மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள். "மொளைச்சிருக்கான்னு பாத்தேன் மேடம்" என்றாள். தட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. "நீ பாக்கிறேங்கிறதுக்காக அது மொளைக்காது" என்றேன். முகம் வாடிவிட்டது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளைக்கும் உன் நாத்தனாருக்கும் என் அன்பு. நன்றாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா? சர்க்கரை டப்பா எங்கே என்று எனக்கு மட்டும் சொல்லேன், அத்தானிடம் சொல்ல மாட்டேன்.

குருவி இரண்டு நாளாகக் கூட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தவிப்பு. என் புலம்பல் தாங்காமல் நாத்தனார், தன் தம்பி சவரம் செய்யும் கண்ணாடியைத் துடைப்பக் கட்டையில் கட்டி ஜன்னல் வழியே நீட்டினார். "நல்லா தெரியுதா? இல்ல, என் மூஞ்சிதான் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே சாய்த்தார். தெரிந்தது அக்கா. பஞ்சு மெத்தைமேல் மூன்று முட்டை. நீலம் கலந்த வெள்ளை, செம்புள்ளி. என் சுண்டுவிரல் நகம் கொஞ்சம் நீண்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான்.

மூன்று என்று பார்த்ததும் கணக்குப் போட்டுவிட்டேன். போன இரண்டு, இந்த ஒன்று. நீ திட்டுவாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: இவை பொரித்துப் பறந்துவிட்டால் எனக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டுவிட்டேன். நினைத்த பிறகு எப்படி நினைக்காமல் இருப்பது?

இப்போது காலையில் கண் விழித்ததும் முதல் வேலை கண்ணாடிதான். மூன்றும் இருந்தால்தான் காபி இறங்குகிறது. நாத்தனார், "இந்த வீட்டுல எனக்கு ரெண்டு பிரசவம் பாக்கணும்போல" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மிளகு


ஏப்ரல் 5

அன்பு மிளகுக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

திட்டவில்லை. ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கூடுகளில் பாதிக்குமேல் அழிந்துபோகும். ஓணான், காக்கை, பூனை, மழை, எதுவும் போதும். குருவி அதைக் கணக்கில் வைத்துத்தான் திரும்பத் திரும்பக் கூடு கட்டுகிறது. அந்த இலைக்குள் நடப்பதற்கும் உன் வயிற்றுக்குள் நடப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்று என்னால் சொல்ல முடியும். இந்த விதை முளைக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்து விதையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. குருவியோடு பேரம் பேசாதே.

இன்னொன்று. கண்ணாடியைத் தினமும் நீட்ட வேண்டாம். அதன் பளபளப்பு காக்கை மாதிரி மற்றதையும் கூப்பிடும்.

எழுதி முடித்துப் படித்தால் பரிசோதனை அறிக்கை மாதிரி இருக்கிறது. "உன் தங்கச்சிக்கு எழுதுறியா, விதை வியாபாரிக்கு எழுதுறியா?" என்று அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. நீ தூங்குகிறாயா?

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

பதில் தாமதமாகிவிட்டது. கை ஓயவில்லை என்று சொல்ல முடியாது, கைக்கு வேலையே இல்லை. சோம்பல்தான்.

நல்ல சேதி. மூன்றும் பொரித்துவிட்டன. அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் புழு கொண்டுவந்து திணிக்கிறார்கள். நீ சொன்னபடி கண்ணாடியை நிறுத்திவிட்டேன்.

உள்ளே இருப்பவரும் அசைகிறார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

வேறு விசேஷம் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் மிளகு


மே 3

அன்பு மிளகுக்கு,

உன் கடிதம் வந்ததும் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பொதுவாக நான் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. "மூணுமா?" என்றார். "மூணும்" என்றேன். பிறகு இருவரும் டீ குடித்தோம்.

அசைவு தெரிவது நல்லது. எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருக்காதே.

உனக்குச் சொல்லிவிட்டு நானும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண் கொண்டுவந்து குடுவை செய்கிறது. ஒவ்வொரு மண்ணுருண்டையையும் வைக்கும்போது ஒரு ரீங்காரம், முடிந்ததும் அமைதி. பதினைந்து வருடமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். சுத்தம் செய்கிறவர் துடைக்க வந்தார். "அது இருக்கட்டும்" என்றேன். "கொட்டும்மா" என்றார். "கொட்டினா நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

குஞ்சுகளைப் பற்றி எழுது. உன்னைப் பற்றியும் எழுது.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியில் ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை. நன்றாகக் கொழுத்துவிட்டன. மூன்று வாயும் எப்போதும் திறந்தே இருக்கின்றன. அம்மாக்குருவி செடிக்கு வரும்போது நேராகக் கூட்டுக்கு வராது, கீழ்க்கிளையில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறும். மூன்றில் ஒன்று கொஞ்சம் சவலை. அதற்கும் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இலைக்குள் இடமே இல்லாமல், ஆனால் விழாமல் இருக்கின்றன. தையல் அவ்வளவு கெட்டி.

நாத்தனார் இரண்டு நாளாகப் பேசுவது குறைவு. வெயில்தான் காரணம்.

உன் குளவி என்ன ஆயிற்று?

உன் மிளகு


ஜூன் 4

அன்பு மிளகுக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

குளவி குடுவையை மூடிவிட்டுப் போய்விட்டது.

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? டாக்டரம்மா கடைசியாக எப்போது வந்தார்? மாப்பிள்ளைக்கு நேரம் கிடைத்தால் பேக்கரியிலிருந்து எங்கள் அலுவலக எண்ணுக்கு ஒரு முறை பேசச் சொல். அவசரம் ஒன்றும் இல்லை, சும்மாதான்.

நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. குருவியைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 18

மிளகு,

நலம் விசாரித்துத் தொடங்க வரவில்லை, மன்னித்துக்கொள். பதினான்கு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையும் பேசவில்லை.

தையல்சிட்டின் குஞ்சு பொரித்து இரண்டு வாரத்தில் கூட்டை விட்டுப் போய்விடும். எந்தக் குஞ்சும் ஆறு வாரம் உள்ளேயே உட்கார்ந்து கொழுக்காது. உன் மே மாதக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்கவில்லை. உன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்கப் பயமாக இருந்தது.

குருவியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் மூன்று குஞ்சுகளும் இருந்தன, ஈரத்துணி இருந்தது, நாத்தனாரின் மௌனம்கூட இருந்தது. உள்ளே இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலியான கூட்டைப் பற்றி அப்படி எழுத முடிந்தவளால் வேறு எதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியும் என்றுதான் நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விதைகளை எண்ணும்போது வரிசை தப்பிவிடுகிறது. அந்தப் புதுப் பெண்தான் சத்தமில்லாமல் எனக்காகத் திரும்ப எண்ணுகிறாள்.

மாடி வீட்டு எண்ணை மூன்று முறை சுழற்றினேன். மறுமுனையில் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். சீட்டும் வாங்கினேன். வண்டி வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தேன். கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லையாம்மா? பின்னாடி ஆள் நிக்குது" என்றார். காலை எடுத்துவிட்டேன். பையோடு வீட்டுக்கு வந்தேன். அத்தான் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"அண்ணி போதும்" என்று நீ மார்ச்சில் எழுதியதன் பொருள் எனக்கு அன்றே புரிந்தது. இரண்டு தடவையும் நான் வந்தேன், நான் வந்த வாரத்திலேயே போய்விட்டது. வலி தொடங்கியதால்தான் என்னை வரச் சொன்னார்கள். நான் வந்ததால் வலி தொடங்கவில்லை. யார் கேட்டாலும் இதை என்னால் விளக்க முடியும். உனக்கும் விளக்கியிருப்பேன். ஆனால் அந்தப் படியில் நின்றபோது விளக்கம் எதுவும் உதவவில்லை. என் காலைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது.

நான் வர மாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுது. ஒரு சொல் போதும்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். இந்த வரி கோணலாகப் போனதற்குக் காரணம் சற்றுமுன் விழுந்த உதை. ஏழாம் மாதம் நடக்கிறது. ஆறாம் மாதத்தைத் தாண்டிவிட்டேன்.

இனி எல்லாவற்றையும் சொல்கிறேன். ஏப்ரலில் குஞ்சு பொரித்தது உண்மை. ஒரு நாள் காலையில் கண்ணாடியில் மூன்று சிவந்த வாய்களைப் பார்த்தேன். ஆசை தாங்காமல், "இன்னும் கொஞ்சம் சாய்ங்க அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று வெகுநேரம் பிடிக்கச் சொன்னேன். வெயில் கண்ணாடியில் பட்டு எதிர்ச்சுவரில் ஆடியது. தொட்டிமேல் ஒரு காக்கை உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைத் தலைசாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாத்தனார் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். காக்கை இறங்கி இலையைக் கிழித்தது. நான் கத்தினேன். படுத்த இடத்திலிருந்து கத்தினால் அதற்கு என்ன? எழுந்து நின்று ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் அடித்தேன். கடைசிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு அது போகும்வரை நின்றேன். அன்று மத்தியானம்தான் உன் கடிதம் வந்தது, கண்ணாடியை நீட்ட வேண்டாம் என்று. சாயங்காலம் துணியில் இரத்தம்.

டாக்டரம்மா ஓடி வந்தார். "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. இனிமே குருவிக்கு ஆபத்துன்னா நீ எழுந்திருக்காதே, என்னைக் கூப்பிடு, நான் வந்து விரட்டறேன்" என்றார். இரத்தம் ஐந்தாறு நாளில் நின்றது. மே கடைசியில் மறுபடி கொஞ்சம் வந்தது. நாத்தனார் பேசாமல் இருந்ததற்கு வெயில் காரணமில்லை.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். இரத்தம் என்று எழுதினால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய். அது ஒன்று. நீ புரிந்துகொண்டது சரிதான் அக்கா. அப்படி நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், இருந்தாலும் நினைப்பை விட முடியவில்லை. இன்னொன்று, குஞ்சுகள் செத்துவிட்டன என்று என் கையாலேயே எழுத முடியவில்லை. பறந்துவிட்டன என்றாவது எழுதியிருக்கலாம். ஆனால் பறந்துவிட்டால் கூடு காலி. கடிதத்திலாவது உள்ளே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

காக்கை வந்த வாரம் முழுவதும் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குருவி செத்தா காத்துமா செத்துச்சு?" என்று திறந்துவிட்டார். அதன் பிறகு ஜன்னலில் காத்திருக்க ஒன்றுமில்லை. சும்மா பார்த்தேன். கிழிந்த இலையிலிருந்து எறும்புகள் பஞ்சை இழை இழையாகக் கொண்டுபோயின. சுவரில் ஒரு ஓணான் யாரோ கேட்ட கேள்விக்குப் போல நாள் முழுக்கத் தலையாட்டியது. தொட்டியின் ஒழுகல் சுவரில் ஓரிடத்தில் பாசியாகியிருக்கிறது. அங்கே மத்தியானத்தில் ஒரு தேனீ வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. இலை காய்ந்து சுருண்டது, தையல் மட்டும் விடவில்லை. இதில் எதுவும் எனக்காக நடக்கவில்லை. பயம் குறைந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஆனால் பார்த்தேன். அதை உனக்கு எழுதியிருக்கலாம், எழுதாமல் விட்டுவிட்டேன்.

நீ படியில் வைத்த காலை எடுத்துவிட்டாய் என்று படித்ததும் நாத்தனாரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?" என்று கேட்டார்.

வா அக்கா. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வா.

மிளகு


ஜூன் 30

அன்பு மிளகுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

காக்கை கண்ணாடியால் வந்ததா, குஞ்சுகளின் சத்தத்தால் வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. நான் மட்டும் ஏதோ தெரிந்தவள் மாதிரி எழுதியது தவறு. அதை நேரில் வந்து சொல்கிறேன்.

வியாழக்கிழமை வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது. வாசலில் நின்று கூப்பிடுவேன். நீ வா என்று சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைப்பேன். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் என் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாய், குறட்டை இங்கே வரை கேட்கிறது. இந்தக் கடிதம் ஆறடி தூரம் போக வேண்டும். நேரில் சொல்ல முயன்றால் நீ முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

அந்த வியாழக்கிழமை, நான் உள்ளேயிருந்து வா வா என்று கூப்பிட்டும் நீ வாசலிலேயே நின்றாயே. நாத்தனார், "என்ன, நெலைக்கு அளவு எடுக்கறீங்களா? உள்ள வாங்க" என்று உன் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார். நீ வலது காலை வைத்தாயா இடது காலை வைத்தாயா என்று நான் பார்த்தேன். நீயும் குனிந்து பார்த்துக்கொண்டாய். அதன் பிறகு ஒரு வாரம் நம் இருவருக்கும் தூக்கமில்லை. ஒருவர் தூங்குவதாக இன்னொருவர் நினைக்கும்படி படுத்திருந்தோம். அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசவில்லை. பேச வேண்டாம்.

என் மகள் சின்னவள்தான். நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். இன்னும் சூட்டுப் பெட்டியில்தான் இருக்கிறாள். பால் இறங்குகிறது, அழுகிறாள், ஆனால் டாக்டரம்மா இன்னும் சில நாள் போகட்டும் என்கிறார். அந்தச் சில நாள் என்னும் சொல்லைக் கேட்டால் எத்தனை நாள் என்று திரும்பக் கேட்டுவிடுகிறேன். இன்று காலை நர்ஸ், "பெட்டி மூடியை எத்தனை தடவைம்மா தூக்கித் தூக்கிப் பாப்பீங்க? கொழந்தைக்குச் சூடு போயிடும்ல" என்று திட்டினாள். திட்டு வாங்கியது நான் இல்லை. விதைத்தட்டின் மூடியைத் திறக்காதே என்று ஒரு பெண்ணின் முகத்தை வாடவைத்த மேடம். தலை குனிந்து நின்றாய். என் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரித்த பிறகு பயப்படவில்லை.

மத்தியானம் நீ தூங்கிய பிறகு நாத்தனார் சாப்பாடு கொண்டுவந்தார். அதே செடியில் கீழ்ப்பக்கத்து இலையில் குருவி மறுபடி தைக்கிறதாம். அதே குருவியா என்று கேட்டேன். "நான் என்ன அதுக்கிட்ட அடையாள அட்டையா கேட்டேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டையில கண்ணாடியைக் கட்டி வைக்கட்டுமா? நீ வந்ததும் பாக்கலாம்" என்றார்.

வேண்டாம், ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் மிளகு